அம்மாவின் ‘தௌ’

அந்த மர வாங்கில் நான்கு பேர் தாராளமாக இருக்கலாம். அன்று காலை நாங்கள் ஏழு பெண்கள் இருந்தோம். எனக்கு இடப்பக்கம் அம்மா. அம்மாவுக்கு அங்கால், நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு பெண், மடியில் இடியப்பப் பார்சலை வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தார்.

கொழும்பில் ஒரு பொலிஸ் நிலையத்தின் முன் விறாந்தை அது. எந்த நிலையம் என்று எழுதமாட்டேன். யுத்தம் நடந்த அந்த வருடங்களில் எல்லா நிலையங்களிலும் இதே வாங்கு, இதே பச்சைச் சுவர், இதே பினாயில் மணம். உள்ளே யாரோ ஒற்றை விரலால் டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

விடியற்காலையில் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்து, தம்பி அன்ரனைக் கொண்டுபோயிருந்தார்கள். அவன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வடக்கிலிருந்து வருகிற தமிழர் பதியவேண்டும் என்ற விதிப்படி, வந்த மூன்றாம் நாளே பொலிஸில் பதிந்தாயிற்று. ஆனால் பதிவுத் தாள் வீட்டுச் சொந்தக்காரரிடம் இருந்தது. அவர் புறக்கோட்டையில் தன் கடைக்கு மேலே குடியிருந்தார். டெலிபோன் எடுத்தால் யாரும் தூக்கவில்லை. தாள் கையில் இல்லாத தமிழ்ப் பெடியன் சந்தேக நபர்.

நாலு மணிக்கு லொறி வரும், அதற்குள் விடுவிக்கப்படாதவர்களைத் தெற்கே ஒரு முகாமுக்குக் கொண்டுபோகும் என்று வாசலில் நின்ற கான்ஸ்டபிள் சொன்னார். முகாம் என்றால் மாதக்கணக்கு. சிலருக்கு வருடக்கணக்கு. சிலரைப் பற்றிப் போய்க் கேட்டால், அப்படி ஒரு பெயரே இங்கே இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

நான் மனதுக்குள் ஆங்கில வசனங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். என் தொழிலே அதுதான். வெள்ளவத்தையில் ஒரு ரியூசன் வகுப்பில் ஆங்கிலம் படிப்பித்தேன். வினைச்சொல்லில் பிழை விட்டால் சிவப்புப் பேனையால் தாளைக் கிழிக்கிற அளவுக்குக் கோடு போடுகிறவள் என்று பிள்ளைகளிடம் பெயர் எடுத்திருந்தேன்.

“அம்மா, நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம். நான் கதைக்கிறன்.”

“ஓம் பிள்ளை.”

“முக்கியமா இங்கிலிஷில ஒரு சொல்லும் வரக்கூடாது.”

“ஓம் எண்டு சொல்லிப்போட்டன்தானே. எத்தினை தரம் சொல்லுவாய்?”

பெற்ற தாயிடம் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை விளக்க வேண்டும். அதற்கு அம்மாவின் ஆங்கிலத்தைப் பற்றிக் கொஞ்சம் எழுதவேண்டும்.

மடத்து இங்கிலிஷ்

அம்மா ஆறு வயதில் தாயை இழந்தவர். யாழ்ப்பாணக் கரையோரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு மடத்தில் அவரைச் சேர்த்துவிட்டார்கள். அங்கே ஒரு வெள்ளைக்காரச் சிஸ்டர் இருந்தாராம். பிள்ளைகளுக்குத் தையல் படிப்பித்தார், பாண் சுடப் படிப்பித்தார், செபங்களை ஆங்கிலத்தில் படிப்பித்தார். பேச்சு ஆங்கிலம் படிப்பிக்கவில்லை. தையல் பிள்ளைகளுக்கு அது தேவைப்படாது என்று நினைத்திருப்பார்கள்.

இதனால் ஒரு விசித்திரம் நடந்தது. அம்மாவால் ஆங்கிலத்தில் பாவமன்னிப்புக் கேட்க முடியும், நல்ல மரணம் கேட்க முடியும், கடலில் போகிறவர்களுக்குப் பாதுகாப்புக் கேட்க முடியும். ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்க முடியாது.

அம்மாவின் ஆங்கிலத்தில் ‘யூ’ கிடையாது. ‘தௌ’, ‘தீ’, ‘தை’ என்று பழைய செபப் புத்தகத்துச் சொற்கள்தான். சின்ன வயதில் அம்மாவுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று ‘த லோர்ட் இஸ் வித் தீ’ என்று சொல்லும்போது, ஆண்டவர் நெருப்போடு இருக்கிறார் என்றுதான் விளங்கிக்கொண்டேன். ‘தை நேம்’ என்றால் தை மாதத்தின் பெயர். பொங்கல் இந்துக்களுக்கு மட்டும் உரியதல்ல, எங்களுக்கும் அதில் பங்கிருக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சண்டைகூடப் பிடித்திருக்கிறேன்.

அதெல்லாம் சிரிக்கக்கூடிய கதை. சிரிக்க முடியாத கதையும் ஒன்று உண்டு.

நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது அம்மை போட்டுப் பள்ளிக்கூடம் போகவில்லை. மாறிய பிறகு அம்மா அதிபருக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தார். அப்பா எழுதுகிறேன் என்றதற்கு, அதிபர் இங்கிலிஷ் படித்தவர், இங்கிலிஷில் எழுதினால்தான் மரியாதை என்று தானே பேனையைப் பிடித்தார். ‘வவுச்சேப், வீ பிசீச் தீ’ என்று தொடங்கியது அந்தக் கடிதம். என் மகள் வராமல் விட்டதை மன்னிக்கத் திருவுளம் கொள்ளும், உம்மை மன்றாடுகிறோம் என்று கருத்து. கடைசியில் ‘ஆமென்’.

அந்தக் கடிதம் ஆசிரியர் அறையில் கை மாறிக் கை மாறிப் போனது. ஒரு ரீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்ததை ஜன்னலால் பார்த்தேன். பிறகு ஒரு மாதம் என் பெயர் ஆமென்.

நான் ஆங்கிலத்தை வெறியோடு படித்ததற்கு அந்த ஜன்னல்தான் காரணம். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அம்மாவை எண்ணி வந்த வெட்கம் எப்போதோ போய்விட்டது, இது என்னை எண்ணி வருகிற வெட்கம்.

யூ ஊருக்குப் பொது

போன கிழமை இந்தப் பத்தியில், நாங்கள் முன்பு இருந்த கொட்டாஞ்சேனை அறையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, ‘ஒழுங்கைக்கு ஒரு மாதா கூடு இருக்கிற இடத்தை விட்டு வேதக்காரர் ஏன் வெள்ளவத்தைக்குப் போனீர்கள்?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. ரியூசன் வகுப்பு வெள்ளவத்தையில் இருந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்தால் மூன்று இடத்தில் இறக்கி ஏற்றிச் சோதிப்பார்கள். வகுப்புக்குப் போய்ச் சேரும்போது பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

கொட்டாஞ்சேனையை விட்டு வந்ததில் அம்மாவுக்கு இருந்த ஒரே துக்கம் அங்கத்தைய தமிழ்ப் பூசை. வெள்ளவத்தையில் தமிழ்ப் பூசை நேரத்தில் எனக்கு வகுப்பு. ஆகவே ஞாயிறு விடியப்புறம் ஆங்கிலப் பூசைக்குப் போகத் தொடங்கினோம். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மடத்தை விட்டு வந்த பிறகு ஒரு கோவில் நிறைய ஆட்கள் தன்னுடைய ஆங்கிலத்தைப் பேசுவதை அன்றுதான் கேட்டார்.

அந்தச் சந்தோசம் நீடிக்கவில்லை. ஒரு நாள் வாசலில் புதிதாக அச்சடித்த ஒரு துண்டுப் பிரசுரம் தந்தார்கள். பூசைக்கு முன் சொல்லும் செபமாலையில் இனிப் பழைய சொற்கள் வேண்டாம், இளம் பிள்ளைகளுக்கு விளங்குகிற மாதிரிச் சொல்வோம் என்று ஏற்பாடு. ‘வித் தீ’ எல்லாம் ‘வித் யூ’ ஆகியிருந்தது.

எனக்குப் பிடித்திருந்தது. நல்ல, சுத்தமான, இன்றைய ஆங்கிலம்.

அம்மா பிரசுரத்தை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். செபமாலை தொடங்கியது. கோவில் முழுவதும் ‘யூ’ என்று சொல்ல, எங்கள் வாங்கிலிருந்து மட்டும் உரத்து ஒரு ‘தீ’ எழும்பியது. ஐம்பது தரம். முன்வாங்குப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு மறுபடியும் ஐந்தாம் வகுப்பு ஜன்னல்.

வீட்டுக்கு வரும் வழியில் சண்டை பிடித்தேன்.

“ரெண்டும் ஒரே கருத்துத்தானேயம்மா. ‘யூ’ எண்டு சொன்னால் என்ன குறைஞ்சு போகும்?”

“உனக்கு ஒண்டாத்தான் இருக்கும். ‘யூ’ ஊருக்குப் பொது. பஸ் கொண்டக்டருக்கும் யூ, சென்றிப்பொயின்ரில நிக்கிறவனுக்கும் யூ, உன்ர வகுப்புப் பெடியளுக்கும் யூ. ‘தௌ’ மேல இருக்கிறவைக்கு மட்டும்.”

தௌ என்பது யூவை விடப் பல படி உயர்ந்த மரியாதைச் சொல் என்று அம்மா நம்புகிறார் என விளங்கிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், ஆங்கில ஆசிரியையான நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

மட்டை இல்லாத இலக்கணம்

மருதானையில் பழைய புத்தகக் கடைகளைக் கிளறுவது அந்த நாட்களில் எனக்கிருந்த ஒரே கெட்ட பழக்கம். ஒரு தரம் மட்டை போன ஓர் ஆங்கில இலக்கணப் புத்தகம் அகப்பட்டது. பஸ்ஸில் நின்றுகொண்டே புரட்டினேன். ஓரிடத்தில் தௌ என்ற சொல்லுக்கு விளக்கம் இருந்தது. முன்னொரு காலத்தில் பெரியவர்களுக்கும் அந்நியர்களுக்கும் யூ. பிள்ளைகளுக்கும், வேலைக்காரர்களுக்கும், மனதுக்கு நெருங்கியவர்களுக்கும் தௌ. கடவுளுக்கும் தௌ.

அதாவது தௌ என்றால் ‘நீ’.

பஸ் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். உலகத்தைப் படைத்தவரை, சாவையும் பிறப்பையும் கையில் வைத்திருப்பவரை, அந்த மனிதர்கள் குழந்தையைக் கூப்பிடுவதுபோல நீ என்று கூப்பிட்டிருக்கிறார்கள். பிறகு ‘யூ’ எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ள, தௌ செபத்துக்குள் மட்டும் மிஞ்சியிருக்கிறது. செபத்துக்குள் மட்டும் இருந்ததால் அதற்கு ஒரு பெரிய உடுப்பைப் போட்டு மரியாதைச் சொல் என்று நாங்களே நினைத்துக்கொண்டோம். எனக்கு உடம்பு சிலிர்த்தது. காலி வீதியில் மூன்று தரிப்பிடம் திரும்பி நடந்து வந்தேன், வெயில் தெரியவில்லை.

இந்த விடயத்தில் யாழ்ப்பாணத்தாரான எங்களுக்குக் கொஞ்சம் உணர்ச்சி அதிகம். எங்களிடம் நீ, நீங்கள் என்ற இரண்டுக்கும் நடுவில் ‘நீர்’ என்று ஒன்று உண்டு. அப்பா சாகும்வரை அம்மாவை நீர் என்றுதான் கூப்பிட்டார். அதில் மரியாதையும் இருக்கும், உரிமையும் இருக்கும். எங்களோடு படிப்பித்த ஓர் இஸ்லாமிய ரீச்சர், ‘நீர் எண்டா தண்ணிதானே, புருசன் பொண்டாட்டியத் தண்ணி எண்டா கூப்பிடுவார்?’ என்று கேட்டுக் கேட்டுச் சிரிப்பார்.

சிங்களத்தில் இதை யுத்தம் எங்களுக்குப் படிப்பித்தது. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு ‘ஒயா’ என்று மரியாதையாகப் பேச்சைத் தொடங்கினால், வீட்டுக்குப் போகலாம் என்று மூச்சு வரும். ‘உம்ப’ என்று, டேய் போடுகிறதுபோலத் தொடங்கினால், வீட்டுக்குச் செய்தி சொல்ல ஆள் தேடுவோம். ஒரு நாளின் தலைவிதி முதல் சொல்லிலேயே தெரிந்துவிடும்.

புத்தகத்தில் படித்ததை அம்மாவுக்குச் சொல்லவில்லை. ‘மேல இருக்கிறவைக்கு மட்டும்’ என்று அவ்வளவு பெருமையோடு சொன்னவரிடம் போய், நீங்கள் இவ்வளவு காலமும் நீ என்றல்லவா கூப்பிட்டீர்கள் என்று சொல்ல மனம் வரவில்லை.

வெல் ட்ரெயின்ட்

பத்து மணிக்கு எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் ஓ.ஐ.சி., அதாவது நிலையப் பொறுப்பதிகாரி, இருந்தார். ஐம்பது வயது இருக்கும். வலது மணிக்கட்டில் புத்த பிக்குகள் ஓதிக் கட்டிய பிரித் நூல். குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் கோப்புகள் ஒரு முழ உயரத்துக்கு இருந்தன. அவற்றில் ஒன்று அன்ரன்.

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். இரவல் இல்லாத, பிழை இல்லாத என் ஆங்கிலத்தை எடுத்து விட்டேன்.

“குட் மோர்னிங் சேர். ஐ வுட் லைக் டு இன்போர்ம் யூ...”

அவர் கையை உயர்த்தினார். தலையை உயர்த்தவில்லை.

“ஜஃப்னா?”

“யெஸ் சேர்.”

“யூ ஆல் ஸ்பீக் வெரி குட் இங்கிலிஷ்,” என்றார். “வெல் ட்ரெயின்ட்.”

ட்ரெயினிங், அதாவது பயிற்சி. அந்தக் காலத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் பொலிஸ்காரர் வாயிலிருந்து கேட்கக்கூடாத சொல் அது ஒன்றுதான். பயிற்சி என்றால் என்ன பயிற்சி என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடுக்கி வைத்திருந்த வசனமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

விசாரணையெல்லாம் முகாமில் நடக்கும், அடுத்த ஆளை வரச்சொல் என்று கான்ஸ்டபிளிடம் சிங்களத்தில் சொன்னார். கான்ஸ்டபிள் என் முழங்கையைத் தொட்டார். என் தம்பியின் வாழ்க்கையை அரை வசனத்தில் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது அம்மா சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். இரண்டு கைகளையும் சேர்த்தார். ஓ.ஐ.சி.யின் முகத்தைப் பார்க்கவில்லை. பயமாக்கும் என்று நினைத்தேன். அவருடைய தலைக்கு மேலே, சுண்ணாம்பு உரிந்த சுவரைப் பார்த்துக்கொண்டு, செபமாலை சொல்கிற அதே குரலில் சொன்னார்:

“மை லோர்ட். தௌ நோவெஸ்ட் மை சன். டெலிவர் ஹிம், ஐ பிசீச் தீ.”

எனக்கு அந்த வசனம் தமிழில்தான் காதில் விழுந்தது. என் மகனை நீ அறிவாய். அவனை விடுவி. உன்னை மன்றாடுகிறேன்.

இடுப்பில் துப்பாக்கி வைத்திருக்கிற பொலிஸ் அதிகாரியை, அவருடைய மேசைக்கு முன்னால் நின்று, அம்மா நீ என்று கூப்பிட்டுவிட்டார். அதுவும் ‘மை லோர்ட்’ என்று தொடங்கி. நீதிமன்றத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள், கேட்டதை இங்கே கொண்டுவந்து ஒட்டுகிறார் என்று நினைத்தேன். நிலம் பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

டைப் அடிக்கிற சத்தம் நின்றது. ஓ.ஐ.சி. முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார்.

“ஐ ஆம் நொட் எ லோர்ட், மதர்,” என்றார்.

அம்மா அதே சுவரைப் பார்த்தபடி அதே மூன்று வசனங்களை மறுபடியும் சொன்னார். குரல் உயரவுமில்லை, கெஞ்சவுமில்லை. அந்த அறையில் ஒருவரும் அசையவில்லை. கேலி செய்யப் பழகிப்போன எனக்கே அந்தச் சொற்கள் வேறு யாருடையவோ போலக் கேட்டன. பயந்தேன் என்று சொல்வது சரியல்ல. கோவிலில் நற்கருணையை உயர்த்தும்போது ஒரு அமைதி வருமே, அதற்குள் நின்றேன்.

ஓ.ஐ.சி. பேனையை மூடி வைத்தார். கோப்பு அடுக்கைத் தன்னிடம் இழுத்து, நடுவில் இருந்து ஒன்றை எடுத்துத் திறந்தார். ஒரு பக்கம்தான் இருந்தது. அதை இரண்டு தரம் படித்தார்.

“பதிவுத் தாளின் மூலப்பிரதியும் வீட்டுச் சொந்தக்காரரும் இங்கே வரவேண்டும்,” என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். “நாலு மணிக்கு முன்.”

புறக்கோட்டை

அம்மாவை வாங்கில் விட்டுவிட்டு ஓடினேன். அன்று வெள்ளிக்கிழமை என்பது புறக்கோட்டையில் இறங்கிய பிறகுதான் நினைவு வந்தது. வீட்டுச் சொந்தக்காரரான ஹாஜியாருடைய கடை பூட்டிக் கிடந்தது. ஜும்மாத் தொழுகைக்குப் போயிருந்தார். பூட்டிய கதவுக்கு முன்னால், மூட்டை தூக்குகிறவர்களின் ஏச்சு முழுவதையும் வாங்கிக்கொண்டு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றேன்.

அவர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்தார். கதையைக் கேட்டதும் கடையைத் திறக்கவில்லை. மேலே போய்த் தாளை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

“வாங்க மகள், போவம். பயப்பட வாணாம். நான் கையெழுத்து வெச்ச தாள், நான்தானே வந்து சொல்லணும்.”

தமிழ்ப் பெடியனுக்காகப் பொலிஸ் நிலையத்துக்குள் போவது அந்த நாட்களில் எவருக்கும் சின்ன விடயமல்ல. அவர் அதை ஒரு கலியாண வீட்டுக்குப் போகிறவர்போலச் செய்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி தாண்டிவிட்டது. வாங்கில் அம்மாவும் இடியப்பப் பார்சல்காரப் பெண்ணும் தலையோடு தலை வைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். கிட்டப் போனேன்.

“தௌ,” என்றார் அம்மா.

“தௌ,” என்றார் அந்தப் பெண்.

“நோவெஸ்ட்.”

“நோவெஸ்ட். மை சன்.”

என்னைக் கண்டதும் அந்தப் பெண் கூச்சத்தோடு சிரித்தார். “எனக்கு இங்கிலிஷும் தெரியாது, சிங்களமும் தெரியாது தங்கச்சி. அதுதான் அக்காட்டைக் கேட்டனான். என்ர பெடியனும் உள்ள நிக்கிறான். நான் சைவம், நான் சொன்னால் எடுபடுமோ தெரியாது.”

“எடுபடும்,” என்றார் அம்மா. “திருப்பிச் சொல்லும்.”

அந்தப் பெண்ணை அம்மா நீர் என்று பேசியதை அப்போதுதான் கவனித்தேன். அவர்கள் சந்தித்து ஒரு பகல்தான் ஆகியிருந்தது.

மூன்றரை மணி

ஹாஜியார் தாளை மேசையில் வைத்தார். ஓ.ஐ.சி. அதைக் கோப்போடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஹாஜியாரிடம் சிங்களத்தில் நாலைந்து கேள்வி கேட்டார். ஒரு கையெழுத்து. ஒரு முத்திரை. உள்ளே போன கான்ஸ்டபிள் அன்ரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு காலில் செருப்பு இருந்தது, மற்றக் காலில் இல்லை. உதடு வீங்கியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

ஓ.ஐ.சி. எழும்பினார். காலையிலிருந்து எனக்கு ‘யூ’ என்றும், உள்ளே இருந்த பெடியங்களுக்கு ‘உம்ப’ என்றும் சொல்லிக்கொண்டிருந்த மனிதர். அம்மாவுக்கு முன்னால் வந்து நின்று, கொஞ்சம் யோசித்தார். ஏதோ ஒரு பழைய அலுமாரியிலிருந்து எடுப்பதுபோல மெதுவாகச் சொன்னார்:

“மதர், டேக் தை சன்.”

உன் மகனைக் கூட்டிக்கொண்டு போ. அவர் எந்தப் பள்ளிக்கூடத்தில், எந்தச் சிஸ்டரிடம் அல்லது சாமியாரிடம் அந்தச் சொல்லைப் படித்தாரோ தெரியாது. கையில் பிரித் நூல் கட்டியவர், காக்கிச் சட்டைக்காரர், என் அம்மாவுக்கு அம்மாவின் மொழியிலேயே பதில் சொன்னார். பிள்ளைகளின் தாள்களில் எத்தனை ‘தை’யைச் சிவப்புப் பேனையால் வெட்டியிருப்பேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இதை நான் புதுமை, அற்புதம் என்று எழுதவரவில்லை. அன்று அந்த வாங்கில் இருந்தவர்களில் என்னைவிட நல்ல ஆங்கிலமும் நல்ல சிங்களமும் பேசிய தாய்மார் இருந்தார்கள். எங்களுக்குப் பிறகு அந்தப் பெண் உள்ளே போனார். நாங்கள் படலையைத் தாண்டும்போது அவருடைய குரல் கேட்டது, தடக்கித் தடக்கி, ஒரு சொல்லும் பிழைக்காமல். ஆனால் அவரிடம் காட்டுவதற்குத் தாள் ஒன்றும் இருக்கவில்லை. ஹாஜியாருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு நாங்கள் பஸ்ஸுக்கு நின்றபோது லொறி வந்தது. ஏற்றினார்கள். அந்தப் பெண் இடியப்பப் பார்சலோடு லொறிக்குப் பின்னால் கொஞ்சத் தூரம் ஓடினார்.

பஸ்ஸில் மூவருக்கும் ஒரே ஆசனத்தில் இடம் கிடைத்தது. அன்ரன் நடுவில். அம்மா அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். என்னால்தான் சும்மா இருக்க முடியவில்லை. பயம் விட்டுப்போனதும் எனக்கு வாய் துறுதுறுக்கும், அது என் பிறவிக் குணம்.

“அம்மா, உங்களுக்கு ஒரு விசயம் தெரியுமோ? தௌ எண்டால் நீ. மரியாதைச் சொல்லில்லை. நீங்கள் அந்தப் பெரிய மனிசனை நீ, நீ எண்டு கூப்பிட்டுப்போட்டு வந்திருக்கிறியள்.”

“எந்தப் பெரிய மனிசனை?”

“அந்த ஓ.ஐ.சி.யை.”

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஏதோ விளங்காத பாசையில் பேசிவிட்டதுபோல இருந்தது அந்தப் பார்வை.

“அவரோட நான் எங்கயடி கதைச்சனான்?”

அன்ரன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அம்மா மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிச் சேலைத் தலைப்பைத் தலைக்கு இழுத்துவிட்டார்.

“இப்ப பேசாம இரு பிள்ளை. இன்னும் கதைச்சு முடியேல்லை. அந்த மனிசியின்ர பெடியன் லொறியில போறான்.”